சீக்கிரம் சிவந்த மீன்

அன்புள்ள நடராஜா,

கடிதம், வீடியோ இரண்டும் வந்து சேர்ந்தன. பதில் போட இத்தனை நாள் இழுத்ததற்குக் கண்தான் காரணம். இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, வலதுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். இடையில் ஒரு வேடிக்கை நடக்கிறது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் என் கிழட்டு கோஹாக்குவின், வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு போட்ட அந்த ஜப்பான் அலங்காரக் கெண்டையின், வெள்ளை பளீரென்று, லேசாக நீலம் கலந்தே தெரிகிறது. இடதைப் பொத்தினால் அதே மீன் மஞ்சளடித்துப் போகிறது. உன் கெண்டைக் குஞ்சுகளை இடது கண்ணால்தான் பார்த்தேன். அதனால் வெள்ளையைப் பற்றி நான் சொல்வதை நீ நம்பலாம். சிவப்பைப் பற்றிச் சொல்வதில் மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள். உன் போன் கேமரா சிவப்பைக் கண்டால் தானாகவே கூட்டிக் காட்டுகிறது.

தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? பையனுக்கு மாற்றல் வந்ததாக எழுதியிருந்தாய், குழந்தைகளின் பள்ளிக்கூடம் என்னாயிற்று என்று எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மீனை விட்டுவிட்டு அதை எழுது. இந்தக் கடிதத்தில் மீன்தான்.

நாற்பது குஞ்சு இருக்கிறது, எட்டுக்குத்தான் இடம் என்கிறாய். உனக்குப் பிடித்த வரிசையில் பன்னிரண்டுக்கு நம்பர் போட்டு அனுப்பியிருக்கிறாய். ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன், உன் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால் ஏறக்குறைய என் பட்டியல் வந்துவிடும். இன்றைக்கு எது அழகு என்று நீ பார்த்திருக்கிறாய். நான்கு வருடம் கழித்து எது என்பதல்லவா கேள்வி?

உன் 1-ஆம் நம்பரை எடுத்துக்கொள். அது ஏன் முதலில் வந்தது என்று எனக்குப் புரிகிறது. முதுகில் மூன்று சிவப்புத் திட்டு, அளந்து விட்ட இடைவெளி, ரத்தச் சிவப்பு, ஓரமெல்லாம் கத்திக் கூர்மை. வால் அருகே கொஞ்சம் வெள்ளை விட்டு முடிகிறது, அதுவும் இலக்கணப்படி. 15 சென்டிமீட்டரிலேயே போட்டி மீனின் சின்ன நகல். எனக்கு இடிப்பதே அதுதான். அந்த மீன் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டது.

எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், திட்டின் முன்விளிம்பை வைத்து. மீனின் செதில்கள் ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன, இல்லையா? முன்செதிலின் நுனி பின்செதிலின் அடியை மூடுகிறது. ஆகவே ஒரு சிவப்புத் திட்டு தலைப்பக்கம் தொடங்கும் இடத்தில், சிவப்புச் செதிலின் மேல் ஒரு வெள்ளைச் செதில் வந்து உட்காரும். அடியில் இருக்கும் சிவப்பு அந்த வெள்ளையைத் தாண்டி ரோஸ் நிறமாகக் கசியும். இதைத்தான் சாஷி என்பது. திட்டின் பின்விளிம்பு, கிவா, இந்த வயதிலேயே சுத்தமாக இருக்கலாம், இருந்தால் நல்லது. முன்விளிம்பு இந்த வயதில் மங்கலாகத்தான் இருக்க வேண்டும். தோல் தடிக்கத் தடிக்க அந்த மங்கல் தானாக அடைபடும்.

இப்போது நீ கடைசிக்கு முன்னால் தள்ளிய 11-ஆம் நம்பரை நிறுத்திப் பெரிதாக்கிப் பார். தோளுக்குச் சற்றுப் பின்னால் இரண்டாவது திட்டு தொடங்குகிறது. அங்கே ஒரு செதில் அகலத்துக்கு ரோஸ் நிறம் ஓடுகிறது, முதுகிலிருந்து பக்கவாட்டில் இறங்கும்வரை அந்த அகலம் மாறவில்லை. அடியில் சரக்கு இருக்கிறது என்று அர்த்தம். 1-ஆம் நம்பரில் முன்னும் பின்னும் ஒரே கூர்மை, கசிவே இல்லை. மேலே பூசின அளவுதான்.

“11 ஆரஞ்சாக அடிக்கிறது, சிவப்பே இல்லை” என்று பக்கத்தில் குறித்திருக்கிறாய். ஆரஞ்சாக இருப்பதால்தான் நான் வைத்துக்கொள் என்கிறேன். கொஞ்சம் கணக்குப் பார். கெண்டை இனத்தில் குஞ்சுக்குச் செதில் முளைத்து முடிந்தபிறகு அதன் எண்ணிக்கை கூடுவதில்லை. செவுளிலிருந்து வால் வரை போகும் பக்கக்கோட்டில் 35-ஐ ஒட்டி ஓடும் அந்தச் செதில்கள், மீன் முழங்கை நீளத்தைத் தாண்டினாலும் அதே எண்ணிக்கைதான். ஒவ்வொரு செதிலும்தான் பெரிதாகிறது. 15 சென்டிமீட்டர் மீன் 60 ஆகும்போது நீளம் 4 மடங்கு, பரப்பு 16 மடங்கு. இன்றைக்கு ஒரு செதிலில் இருக்கும் நிறம் பதினாறு மடங்கு இடத்தை நிரப்பியாக வேண்டும். நிறம் இன்னும் ஊறிக்கொண்டிருக்கும் மீன் நிரப்பும். ஊறி முடிந்த மீனில் வளர வளரச் செதிலின் நடு வெளுத்து, சன்னல் சன்னலாகத் திறந்துவிடும். உன் 3-ஆம் நம்பரில் இது இப்போதே தொடங்கிவிட்டது. முதல் திட்டின் நடுவில், செதிலின் விளிம்பில் இருக்கும் சிவப்பு செதிலின் வயிற்றில் இல்லை. வெயிலில் வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, ஆண் மீன்தான் பெரும்பாலும் சீக்கிரம் சிவக்கும். பெண் மெதுவாக, ஆரஞ்சிலேயே நின்று நின்று, உடம்பைக் கட்டிக்கொண்டு, பிறகு நிறம் ஏறும். இந்த அளவில் ஆணா பெண்ணா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, பண்ணைக்காரர்களே ஊகம்தான் சொல்கிறார்கள். ஆனாலும் 1-ஆம் நம்பர் ஆண், 11-ஆம் நம்பர் பெண் என்று பந்தயம் கட்டச் சொன்னால் கட்டுவேன். 2018-இல் ஹிரோஷிமாவில் ஒரு கோஹாக்கு 20 கோடியே 30 லட்சம் யென்னுக்கு ஏலம் போனதே, நினைவிருக்கிறதா? அது பெண். 1 மீட்டரைத் தாண்டிய உடம்பு, வயது 9. முதல் வருடத்தில் முடிந்துபோன மீன் அந்த மேடைக்குப் போவதில்லை.

இதெல்லாம் நிறம். உண்மையில் நீ பார்க்க வேண்டிய வரிசையில் நிறம் மூன்றாவது, பேட்டர்ன் கடைசி. முதலில் உடம்பு. அதை நீ ஒரு மீனுக்குக்கூட எழுதவில்லை.

தொட்டியின் மேலே நின்று, தலைக்கு நேர் மேலிருந்து பார். வாலை அடிக்காமல் மீன் வழுக்கிக்கொண்டு போகும் அந்த ஒரு நொடிதான் முக்கியம். மூக்கிலிருந்து வால் அடி வரை முதுகு ஒரே கோடாக இருக்கிறதா? ஏதாவது ஒரு பக்கம் இழுக்கிறதா? 6-ஆம் நம்பர் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் வாங்குகிறது. வீடியோவில் நான்கைந்து இடத்தில் தெரிகிறது. முதுகெலும்பில் ஏதோ இருக்கிறது, பேட்டர்ன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேண்டாம். அடுத்து, இரண்டு கண்ணுக்கும் இடையில் உள்ள அகலம், தோள், அப்புறம் வாலுக்கு முந்தைய கட்டை. அந்தக் கட்டையைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். இப்போது அங்கே ஒல்லியாக இருக்கும் மீன் பிறகு எவ்வளவு தின்றாலும் வயிறுதான் போடும், அங்கே சதை போடாது. வயிறு உப்பின குஞ்சைப் பார்த்து ஏமாறாதே. இந்த வயதில் கொஞ்சம் நீளமாக, கெட்டியாக, எலும்பு பெரிதாகத் தெரிகிற குஞ்சுதான் எனக்கு வேண்டும். 11 அப்படித்தான் இருக்கிறது. 12-உம் அப்படித்தான், அதன் பேட்டர்ன் அலங்கோலம் என்று கடைசியில் போட்டிருக்கிறாய். சிவப்பு அதிகம், தலையிலிருந்து வால் வரை இறங்கி ஒரே கம்பளமாகக் கிடக்கிறது, உண்மைதான். ஆனால் கோஹாக்குவில் வெள்ளை சிவப்பாவது அபூர்வம், சிவப்பு பின்வாங்குவதுதான் வழக்கம். உடம்பு அகலும்போது திட்டும் பக்கவாட்டிலிருந்து மேலேறினது போலத் தெரியும். சின்ன உடம்பில் கனமாகத் தெரியும் திட்டு பெரிய உடம்பில் அளவாக உட்காரும். 1-ஆம் நம்பரின் அந்த நேர்த்தியான மூன்று பொட்டுகளை 70 சென்டிமீட்டர் முதுகில் வைத்துக் கற்பனை பண்ணிப் பார்.

உடம்புக்கு அடுத்தது தோல். வெள்ளை தடிப்பாக இருக்கிறதா, கண்ணாடியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலையில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் பயப்படாதே, மண்டையோடு தெரிகிறதே என்றும் பயப்படாதே, இந்த வயதில் சகஜம், பெரும்பாலும் தெளிந்துவிடும். உடம்பு வெள்ளை மஞ்சளடித்தால்தான் யோசிக்க வேண்டும். உன் நாற்பதில் தோலுக்காக மட்டுமே நான் 9-ஐ வைத்துக்கொள்வேன். பேட்டர்ன் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை, முகத்தில் ஒரு திட்டு, முதுகில் ஒன்று. ஆனால் தண்ணீருக்கு அடியிலும் அந்த வெள்ளைக்கு ஒரு பளபளப்பு இருக்கிறது, பக்கத்தில் போகிற மீன்களெல்லாம் அதன்முன் அழுக்காகத் தெரிகின்றன. அதில் முட்டை எடுக்கலாம் என்று ஓர் ஆசை எனக்கு.

வெள்ளை, சிவப்போடு கறுப்பும் சேர்ந்த சாங்கேவில்தான் நீயும் நானும் சண்டை போடப் போகிறோம். 8-ஆம் நம்பரின் கறுப்பு “அழிந்துகொண்டே வருகிறது” என்று எழுதியிருக்கிறாய். அழியவில்லை, முழுகுகிறது. சாங்கேவின் கறுப்பு முதல் வருடம் காட்டிவிட்டு உள்ளே போய், இரண்டு மூன்று வருடம் கழித்து வேறு கனத்தோடு மேலே வருவது உண்டு. தோலுக்கு அடியில் நீலச் சாம்பலாக ஒரு நிழல் தெரிந்தால் அங்கே கறுப்பு காத்திருக்கிறது. 8-இல் தோளின் வலப்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நிழல், முதுகின் பின்பாதியில் சின்னதாக இரண்டு. மார்புத் துடுப்பில் மெல்லிய கறுப்புக் கோடுகளும் இருக்கின்றன. வை. ஆனால் 4-ஆம் நம்பரைப் பார், மிளகைத் தூவினாற்போல் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கறுப்பு, ஒவ்வொன்றும் இப்போதே மை மாதிரி. இது பிறகு இன்னும் கூடினால் கூடுமே தவிர, சேர்ந்து ஒரு திட்டாக ஆகாது.

கறுப்பின் மேல் சிவப்பும் வெள்ளையும் ஓடும் ஷோவா ஒன்றுதான் இருக்கிறது, 10-ஆம் நம்பர். ஷோவாவை சாங்கே கண்ணோடு பார்க்காதே. 1927-இல் ஜூகிச்சி ஹோஷினோ, கறுப்பும் மஞ்சளுமான கீ உட்சுரியையும் கோஹாக்குவையும் சேர்த்து அதை உருவாக்கினார். கறுப்பு உடம்புதான் அதற்கு அடித்தளம். அதனால்தான் பண்ணைகளில் ஷோவாவுக்கு முதல் தேர்வு முட்டை பொரித்த சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது. கறுத்த குஞ்சை வைத்துக்கொண்டு வெளிறினதையெல்லாம் கழித்துவிடுவார்கள். கோஹாக்குவுக்கு அந்த வசதி இல்லை, ஒன்றிரண்டு மாதம் வளர்த்தால்தான் எது வெறும் வெள்ளை, எது முழுச்சிவப்பு என்றே தெரியும். உன் 10 இப்போது புகை படிந்தாற்போல் சாம்பலாக இருக்கிறது. துடுப்பின் அடியில் கறுப்பு கூடியிருக்கிறது, தலையிலும் ஒரு கோடு இறங்குகிறது. மூன்றாம் வருடம் பேசலாம், அதுவரை அதைப் பற்றிக் கேட்காதே.

வெளிப்படையான ஊனங்களைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை, உனக்கே தெரியும். ஒன்று மட்டும். மேலிருந்து பார்க்கும்போது வயிற்றுத் துடுப்பும் வாயும் தெரியாது. வைத்துக்கொள்ளப் போகும் மீன்களை மட்டுமாவது ஒரு கண்ணாடிப் பையில் தண்ணீரோடு எடுத்து, கீழிருந்து ஒரு தடவை பார்த்துவிடு. 5-ஆம் நம்பரின் தாடை கோணல் என்று எனக்குச் சந்தேகம்.

2-ஆம் நம்பர், மற்றதைவிட ஒன்றரை மடங்கு இருக்கிறதே, அதை வளர்ச்சிக்காக வைத்திருக்கிறாய். குஞ்சுப் பருவத்தில் கூடப்பிறந்ததைத் தின்று முன்னே ஓடியிருக்கும். அந்த முன்தொடக்கம் பரம்பரைக் குணமா என்றால் அவசியமில்லை. பெரிய மீன் என்பதற்காக மட்டும் ஓர் இடத்தைக் கொடுக்காதே.

நாற்பதில் எட்டு என்பது ரொம்பக் கொடுமை என்று புலம்பியிருக்கிறாய். ஜப்பானின் நீகாட்டாவில், யமகோஷி, ஓஜியா மலைப்பக்கத்துப் பண்ணைகளில், ஒரு தாய் மீன் ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டை போடும். மூன்று நான்கு சுற்று கழித்து, அக்டோபர் வாக்கில் மண்குளத்தை வடிக்கும்போது நூற்றுக்கு ஒன்றிரண்டு மிஞ்சினாலே பெரிது. அதிலும் ததெகோய் என்று ஒரு கைப்பிடியை ஒதுக்கி, விற்காமல் தாங்களே மறுபடி குளத்தில் விடுவார்கள். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மை என்பது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, அந்தக் குஞ்சின் தாயும் பாட்டியும் இதே வயதில் எப்படி இருந்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு வம்சத்தில் கறுப்பு எந்த வருடம் மேலே வரும், இன்னொன்றில் சிவப்பு எப்போது கெட்டிப்படும் என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஆகவே உனக்கு என்னால் கொடுக்க முடிந்த நல்ல யோசனை ஒன்றுதான். தாய் மீனை உனக்கு விற்றவரிடம், அது ஒரு வயதில் இருந்தபோது எடுத்த படம் இருக்கிறதா என்று கேள். அந்தப் படமும் ஆரஞ்சும் மங்கலுமாக இருந்தால், நான் மேலே எழுதியதில் பாதியைக் கேட்கவே வேண்டியதில்லை.

பார்க்கும் முறையையும் கொஞ்சம் மாற்று. நீ வெள்ளைத் தொட்டியில் வைத்து எடுத்திருக்கிறாய். வெளிறின பின்னணியில் மீன் தன் கறுப்பை ஒடுக்கிக்கொள்ளும், அதனால் 8-க்கும் 10-க்கும் நீ அநியாயம் செய்கிறாய். நீலத் தொட்டியில் வை. வலையில் துரத்திப் பிடித்த உடனே படமெடுக்காதே, பயத்தில் வெள்ளையெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்து நிற்கும். அரைமணி விட்டு எடு. காலை வெளிச்சம், நிழல், ஒரே இடம், ஒரே உயரம். மாதம் ஒரு படம் போதும். தினம் தினம் பார்க்கிறவனுக்கு மாற்றம் தெரியாது.

கலர் தீனியை நிறுத்து. சிவப்புக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறப்பொருள்களை மீனால் தானாக உண்டாக்க முடியாது, தீனியில்தான் வர வேண்டும் என்பது சரி. ஆனால் ஸ்பைருலினாவும் அஸ்டாசாந்தினும் இந்த வயதில் அள்ளிப் போட்டால் எல்லாக் குஞ்சும் சிவந்து நின்று, எது தானாகச் சிவந்தது, எது தீனியால் சிவந்தது என்று பிரிக்க முடியாது. வெள்ளையிலும் ரோஸ் ஏறும். சாதாரண வளர்ச்சித் தீனி போடு, நல்ல தண்ணீர் கொடு, தேர்வு முடியட்டும்.

கழித்த மீன்களை ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. உலகில் மிக மோசமான ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறு என்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் போட்ட பட்டியலில் கெண்டையும் இருக்கிறது. அடிமண்ணைக் கிளறி நீரைக் கலக்கி, நீர்ச்செடியை அழித்துவிடும். தோட்டத்துக் குளம் வைத்திருப்பவர்களுக்குக் கொடு. அவர்களுக்கு 3-உம் 4-உம் தங்கமாகத் தெரியும்.

ஆக 8, 9, 10, 11, 12 ஐந்தும் நிற்கட்டும். மீதி மூன்று இடத்தை இப்போதே நிரப்பாதே. நம்பர் போடாத இருபத்தெட்டில் இரண்டு ஒல்லிக்குச்சிகள் வீடியோவின் கடைசியில் ஃபில்டர் வாய் அருகே ஓடுகின்றன, அவற்றை நீலத் தொட்டியில் போட்டு எனக்குத் தனியாகப் படம் அனுப்பு.

1-ஆம் நம்பரை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதே, எனக்கு வேண்டும். சிரிக்காதே. இத்தனையும் சொல்லிவிட்டு அதையே கேட்கிறானே என்று தங்கச்சி சிரிப்பது எனக்கு இங்கே கேட்கிறது. நான்கு வருடம் கழித்து அது எப்படி இருக்கும் என்பது உன் கவலை. இரண்டாவது கண்ணும் சரியானதும் உட்கார்ந்து பார்க்க எனக்கு இந்த வருடமே அழகாக இருக்கிற ஒரு மீன் வேண்டும், அவ்வளவுதான். அனுப்புவதற்கு முந்தின இரண்டு நாள் தீனி போடாதே. பையில் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, மீதி ஆக்சிஜன். இங்கே தனித்தொட்டி தயாராக இருக்கிறது. மூன்று வாரம் அதில் வைத்துப் பார்த்த பிறகுதான் என் கோஹாக்குக் கிழவியோடு சேர்ப்பேன்.

உன்,
பாலு